பழைய இமாரிப் பாத்திரத்தைத் தேநீர் விருந்தில் பயன்படுத்தும் முறை

ஜப்பானியத் தேநீர் விருந்தில் தேநீருக்கு முன்பு கைசெகி எனும் எளிய உணவு பரிமாறப்படும். தட்டத்தில் முன்னே இடப்புறம் சோறும் வலப்புறம் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பும் இருக்க, அவற்றுக்கு அப்பால் வைக்கப்படும் சிறு பாத்திரமே முகோசுகே. பழைய பீங்கானைப் பயன்படுத்தத் தொடங்குவோருக்கு ஏற்ற இடம் அதுதான்.

முதலில் தேர்வு. 17ஆம் நூற்றாண்டில் கியூஷூ தீவின் அரிட்டாவில் உருவாகத் தொடங்கி, இமாரித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் இமாரி என்று பெயர் பெற்ற பீங்கான்களில், நீல ஓவியம் மட்டும் உள்ளவற்றையே நான் பரிந்துரைப்பேன். நீலம் மெருகுப் பூச்சுக்கு அடியில் இருப்பதால் தேயாது; பொன் வேலைப்பாடோ பூச்சின் மேல் அமர்ந்திருப்பதால், உணவின் முடிவில் விருந்தினர் வெந்நீர் விட்டுக் காகிதத்தால் துடைக்கும்போது சிறிது சிறிதாக அழியும். சற்றுக் குழிவானதாகவும் பாருங்கள். காலியான முகோசுகேயில்தான் பின்னர் வரும் சுட்ட மீனை விருந்தினர் எடுத்து வைத்துக்கொள்வார்.

அடுத்தது விரிசல் சோதனை. பலரும் இடறுவது இங்கேதான். பாத்திரத்தை விரல் நுனிகளில் தாங்கி, விளிம்பை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். நல்ல பீங்கான் நீண்டு ஒலிக்கும். மந்தமான ஓசை எழுந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. பின்னர் விளக்கின் எதிரே பிடித்து, விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடும் மெல்லிய பழுப்புக் கோட்டைத் தேடுங்கள். ஆனால் அடிப்பகுதியில் ஒட்டிய மணலையோ, பூச்சில் பதிந்த விரல் தடத்தையோ குறையாகக் கருத வேண்டாம்: தொடக்ககால இமாரியைச் சூளையில் மணல் மேல் வைத்துச் சுட்டதாலும், முன்கூட்டிச் சுடாத பச்சை மண்ணின் மேலேயே பூச்சிட்டதாலும் இத்தகைய தடங்கள் இயல்பாகவே காணப்படும்.

பரிமாறும் முன் குளிர்ந்த நீரில் நனைத்து, ஈரம் மெலிதாக நிற்கும்படி துடைத்துவிடுங்கள். மண்பாண்டத்தைப் போல நெடுநேரம் ஊறவைக்கத் தேவையில்லை. முகோசுகேயில் முதலில் பரிமாறும் பச்சை மீன் துண்டுகளை நடுவில் சிறு குவியலாக அடுக்கினால், சுற்றியுள்ள ஓவியம் மறையாது.

பிற்சேர்க்கை: உடைந்தபின் அரக்கால் ஒட்டி, ஒட்டின் மேல் பொன் பூசிய பாத்திரத்தைப் பயன்படுத்தலாமா என்று வாசகர் சிலர் கேட்டிருந்தார்கள். குளிர்ந்த உணவுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் மைக்ரோவேவிலோ பாத்திரம் கழுவும் இயந்திரத்திலோ வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் மென்மையான பஞ்சால் கழுவி, அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் இடையே துணி விரியுங்கள்.