தமிழில் விசிட்டிங் கார்டு: எழுத்து சிதையாமல் அச்சுக்கு அனுப்புவது எப்படி?

திரையில் நாலு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தே வடிவமைப்பதால்தான் பல கார்டுகள் கெடுகின்றன. கைக்கு வரப்போவது 89 மி.மீ. அகலம், 51 மி.மீ. உயரம் உள்ள அட்டை. ஆகவே முதலில் சொற்களைக் குறையுங்கள்.

1. என்ன எழுதுவது
முன்பக்கத்தில் பெயர், தொழில், ஊர், ஒரே ஒரு கைபேசி எண். மற்றதெல்லாம் பின்பக்கம். கடை என்றால் உங்கள் பெயரைவிடக் கடையின் பெயரும் அங்கே கிடைப்பதும் பெரிதாக இருக்கட்டும். எண்ணை ஐந்தைந்தாகப் பிரித்துப் போடுங்கள். பத்தும் ஒட்டி நின்றால் பார்த்து டயல் செய்பவருக்கு ஓர் இலக்கம் தவறிவிடும்.

2. பக்க அளவு
கோப்பை 95 × 57 மி.மீ. அளவில் திறவுங்கள். சுற்றிலும் கூடும், பின்னர் வெட்டி எறியப்படும் 3 மி.மீ. தான் ப்ளீட். கட்டுக்கட்டாக அடுக்கி வெட்டும்போது கத்தி சற்றே நகரும். பின்னணி நிறம் ப்ளீட் வரை ஓடாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். எழுத்துகள் வெட்டுக்கோட்டிலிருந்து 4 மி.மீ. உள்ளே இருக்கட்டும். ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் வேண்டவே வேண்டாம். அரை மி.மீ. நகர்ந்தாலும் கோணல் பளிச்சென்று தெரியும்.

3. தமிழ் எழுத்து
அதிகம் கெடுவது இங்கேதான். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற யூனிகோட் எழுத்துரு எடுங்கள். இல்லஸ்ட்ரேட்டர் வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளைக் கோக்கும் அமைப்பை) தேர்ந்தெடுக்காவிட்டால் "கோ"வின் கொம்பு இடம் மாறி நிற்கும். இன்க்ஸ்கேப் மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை.

அளவு 8 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. அதற்கும் கீழே தடித்த எழுத்து போட்டால் ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் மையில் அடைந்துவிடும். மேலே புள்ளியும் "கி"யின் விசிறியும், கீழே "மு", "கூ" இறக்கமும் இருப்பதால் வரி இடைவெளி எழுத்தளவைப் போல் 1.4 மடங்கு வேண்டும். எழுத்திடைவெளியைக் கூட்டாதீர்கள், காலும் கொம்பும் தனித்தனியாக விலகும்.

முடித்ததும் எழுத்துகளை வளைவுகளாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவங்களாக, மாற்றுங்கள்: கோரல்டிராவில் கன்ட்ரோல்+க்யூ, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ. அதற்கு முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைச் சேமித்து வையுங்கள். வளைவாக மாற்றாத கோப்பை, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினி மட்டும் வைத்திருக்கும் அச்சகத்துக்கு அனுப்பினால் மறுபடி தட்டச்சு செய்வார்கள். பிழை நுழைவது அப்போதுதான்.

4. நிறமும் க்யூஆரும்
ஆஃப்செட் (தகடு வைத்து அடிக்கும்) அச்சுக்கு சிஎம்ஒய்கே எனும் நான்கு மை நிறமுறை, படங்கள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). கருப்பு எழுத்துக்குக் கருப்பு மை மட்டும் 100%. நான்கு மையும் கலந்தால், தகடு லேசாக நகர்ந்ததும் எழுத்தோரத்தில் நிறநிழல் தட்டும்.

க்யூஆர் 20 மி.மீ. இருக்கட்டும். வெளிர் பின்னணி, அடர் புள்ளிகள், சுற்றிலும் நான்கு புள்ளி அகல வெற்றிடம். முகவரியையும் அதில் திணித்தால் புள்ளிகள் நெருங்கி, கேமரா தடுமாறும்.

5. அட்டை, சோதனை
300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு போதும். தையற்கடை, மருத்துவமனை போல் பின்பக்கத்தில் தேதி எழுதித் தருவோர் அந்தப் பக்கத்துக்கு லேமினேஷன் போடாதீர்கள், பேனா மை ஒட்டாது.

பிடிஎஃப்பை ஏ4 தாளில் 100% அளவில் அச்செடுத்து வெட்டுங்கள். வாசிப்புக் கண்ணாடி அணிபவர் ஒருவரிடம் கொடுத்து எண்ணை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், க்யூஆரை இரண்டு கைபேசிகளில் ஸ்கேன் செய்யுங்கள். பலருடைய கார்டுகளை ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் அச்சகம் என்றால், அடுத்த முறை நிறம் சற்று மாறி வரலாம். நிறம் முக்கியமானால் தனித் தாளில் அடிக்கக் கேளுங்கள்.