தனித்து வாழும் தாய்க்கு வீடும் வேலையும்: உடன் நின்று உதவுவோருக்கு ஒரு வழிகாட்டி

கணவர் இறந்தோ, பிரிந்தோ, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டோ, பிள்ளைகளுடன் தனித்து நிற்கும் ஒரு பெண்ணுக்கு உதவ முன்வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "உங்களுக்கு என்ன வேலை தெரியும்மா?" என்பதுதான். பல ஆண்டுகள் இந்தப் பணியில் இருந்தபின் நான் முதலில் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. "பிள்ளை எத்தனை மணிக்குப் பள்ளியிலிருந்து வரும்?" என்று கேட்கிறேன். எந்தத் தெருவில் வீடு பார்ப்பது, எந்த வேலைக்கு அனுப்புவது, எவ்வளவு சம்பளம் போதும் என்ற மூன்றுக்கும் விடை அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறின் மூலம். சென்னைப் புறநகரில் ஏழு வயது மகளுடன் வாழ்ந்த ஒரு தாய்க்குத் துணிக்கடை ஒன்றில் ரூ.12,500 சம்பளத்தில் வேலை வாங்கிக் கொடுத்தோம். காலை பத்து மணிக்குக் கடைக்குள் இருக்க வேண்டும், இரவு ஒன்பதுக்குத்தான் வெளியே வர முடியும். மகள் நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து, பூட்டிய கதவின் முன் படியிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் அந்தத் தாய் வேலையை விட்டார். எங்களில் சிலர் அதைப் பொறுப்பின்மை என்றே எண்ணினோம். பிறகு ஒரு பரிசோதனைக் கூடத்தில், காலை ஏழரையிலிருந்து மூன்றரை வரை, மாதிரிக் குப்பிகளுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டிப் பதிவு செய்யும் வேலை ரூ.10,000 சம்பளத்தில் கிடைத்தது. காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பைப் பக்கத்து வீட்டு அக்கா ஏற்றுக்கொண்டார். அந்த வேலையில் அவர் நிலைத்தார்.

ஆகவே முதல் சந்திப்பில் ஒரு நோட்டில் அவருடைய நாளை மணிவாரியாக எழுதுங்கள். எழுந்திருக்கும் நேரம், தண்ணீர் வரும் நேரம், பள்ளி தொடங்கும், முடியும் நேரங்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் எந்த நேரத்தில் இருக்கிறார்கள் என்பதை அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அடுத்த பக்கத்தில் வாடகை, பால், எரிவாயு, மருந்து, கடன் தவணை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு பக்கங்களும் நிரம்பும்வரை எந்த வாக்குறுதியும் கொடுக்காதீர்கள்.

காகிதங்கள்

தமிழ்நாட்டில் உதவித்தொகைகள் பல இருக்கின்றன. அவற்றின் வாசலில் நிறுத்தி வைப்பது பெரும்பாலும் ஒரு சான்றிதழ்தான். கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும், தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றும் முதலில் தேவை. அதன்பின் கோட்டாட்சியர் வழங்கும் ஆதரவற்ற விதவைச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அரசு வேலைகளில் பெண்களுக்கு ஒதுக்கப்படும் 30 சதவீத இடங்களுக்குள் ஆதரவற்ற விதவைகளுக்கென்று தனி ஒதுக்கீடு இருப்பதால், இந்தச் சான்று உதவித்தொகைக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடக் கூடாது. பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணாக இருந்தால், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் (குரூப் 4) தேர்வைப் பற்றி அன்றே சொல்லி வையுங்கள்.

கைவிடப்பட்ட பெண்ணின் நிலை இதைவிடக் கடினம். கணவர் உயிருடன் இருக்கிறார், ஆனால் எங்கே என்று தெரியாது. எனவே எந்தக் காகிதமும் பாதியிலேயே நின்றுவிடும். கைவிடப்பட்டோருக்கான ஓய்வூதியம் பெற வயது 30 நிறைந்திருக்க வேண்டும். அதோடு சட்டப்படி மணவிலக்கு பெற்றிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் பிரிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும், அல்லது கணவர் கைவிட்டு ஐந்து ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் மாதம் ரூ.1,200 ஆக உயர்த்தப்பட்ட இந்தத் தொகைக்காக, மிகவும் தேவைப்படும் முதல் ஐந்து ஆண்டுகளைக் கடக்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதுவரை அவர் கையில் இருக்கக்கூடியது குடும்ப அட்டை. அவருடைய பெயரும் பிள்ளைகளின் பெயரும் பெரும்பாலும் மாமியார் வீட்டு அட்டையிலேயே இருக்கும். அதிலிருந்து பெயர்களை நீக்கித் தனி அட்டை வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். மகளிர் உரிமைத் தொகை ஓர் அட்டைக்கு ஒருவருக்கே என்பதால், பழைய அட்டையில் இருக்கும்வரை மாதம் ரூ.1,000 இவர் கைக்கு வராமலே போகலாம்.

பள்ளியில் தந்தையின் கையெழுத்து கேட்கிறார்கள் என்று பல தாய்மார்கள் சேர்க்கைக்கே போகாமல் தயங்குகிறார்கள். மணமாகாத தாய், பிள்ளையின் தந்தை யார் என்று வெளியிடாமலேயே பாதுகாவலராக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்திருக்கிறது. தாய் மட்டுமே பெற்றோராக உள்ளவர்கள் பான் அட்டை விண்ணப்பத்தில் தந்தை பெயரைக் குறிப்பிட வேண்டிய கட்டாயம் 2018 டிசம்பரிலேயே நீங்கிவிட்டது. இவற்றைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அலுவலகத்து மேசை முன் நிற்கும்போது நினைவில் இருப்பதைவிடக் கையில் இருப்பது பயன்படும்.

வீடு

புதிய வீடு தேடுவதற்கு முன், இருக்கும் வீட்டில் அவருக்கு உரிமை உண்டா என்று பாருங்கள். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கணவருடன் சேர்ந்து வாழ்ந்த இல்லத்தில் தங்கும் உரிமையைப் பெண்ணுக்கு அளிக்கிறது. அந்த இல்லம் மாமனார் பெயரில் இருந்தாலும் அவர் உரிமை கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. அங்கே திரும்புவது பாதுகாப்பில்லை என்றால், அதற்கு இணையான வேறு தங்குமிடத்தையோ அதற்கான வாடகையையோ கணவர் தர வேண்டும் என்று 19ஆம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட் ஆணையிட முடியும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் மூலம் மனு செய்யலாம். ஜீவனாம்சத்துக்கு 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு பொருந்தும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு அதுவே. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தரும் கடமை சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. இன்றிரவு தங்க இடமில்லை என்ற நிலையில் 181ஐ அழைத்தால், பாதிக்கப்பட்ட பெண்களுக்கென அருகிலுள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள்.

வாடகை வீடு பார்க்கும்போது உடன் செல்லுங்கள். "ஆம்பளை துணை இல்லையா?" என்ற கேள்வியை அவர் தனியாகப் பத்து வீடுகளில் கேட்டுவிட்டு, பதினொன்றாவது வீட்டுக்குப் போகவே மனமில்லாமல் திரும்பி வருவார். அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்பது சென்னையின் பழைய வழக்கம். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. சட்டத்தை எடுத்துக்காட்டி வீட்டுக்காரரிடம் வாதாடுவதைவிட, மூன்று மாத முன்பணத்துக்கு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் போட்டு, முதல் ஆண்டு வாடகைக்கு நீங்கள் ஒருவர் பொறுப்பேற்பதாகச் சொன்னால் அவர் இறங்கி வருகிறார். அந்த ஒப்பந்தம் பின்னர் முகவரிச் சான்றாகவும் பயன்படும். மின் கட்டணத்தையும் முன்பே பேசிவிடுங்கள். துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் வாங்கும் வீடுகளில், முதல் 100 யூனிட் இலவசம் என்ற அரசின் சலுகை குடியிருப்பவர் கைக்கு வந்து சேர்வதே இல்லை.

வாடகை குறைவு என்பதற்காக ஊருக்கு வெளியே தள்ளிப் போகாதீர்கள். சென்னையின் நடுப்பகுதியிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களில், வீடு கிடைத்தும் வேலையை இழந்த பெண்கள் ஏராளம். காலையில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் திரும்பி வந்தவர்கள், இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனபின் எப்படித் திரும்பி வர முடியும்? பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டுமே என்பதால், அத்தகைய பேருந்து அடிக்கடி வரும் நிறுத்தத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு இருப்பது ரூ.500 கூடுதல் வாடகைக்குத் தகும். பள்ளியும் அங்கன்வாடியும் அதே சுற்றளவுக்குள் இருக்கட்டும். கிராமத்தில் சொந்த மனை இருந்து குடிசையில் வாழ்பவராக இருந்தால், கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்ட ரூ.3.5 லட்சம் தருகிறார்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கான தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகள் பாதுகாப்பானவை. ஒன்றிய அரசின் சகி நிவாஸ் விடுதிகளில் 18 வயது வரை மகளையும் 12 வயது வரை மகனையும் உடன் வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. பதின்மூன்று வயது மகன் உள்ள தாய்க்கு இந்தக் கதவு மூடப்படுகிறது என்பதை அறிந்து, வேறு வழியை முன்கூட்டியே தேடுங்கள்.

வேலை

வேலை தேடும்போது சம்பளத்துக்கு முன்பு மூன்றைக் கேளுங்கள்: வேலை முடியும் நேரம், பி.எப். (வருங்கால வைப்பு நிதி) மற்றும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), குழந்தைக் காப்பகம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்ய வேண்டும் என்ற விதி மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. கேட்பவர் இல்லாததால் பல இடங்களில் அது தாளோடு நிற்கிறது. மாதம் ரூ.21,000 வரை சம்பளம் பெறுவோருக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும், பிடித்தம் 0.75 சதவீதம்தான், ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துக்குக் கடன் வாங்கும் நிலை வராது. கையில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தந்து இவை எதுவும் இல்லை என்னும் இடத்தைவிட இது மேல் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வீட்டு வேலை செய்பவராக இருந்தால் வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய வைக்கலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு.

தையல் இயந்திரம் வாங்கிக் கொடுப்பது நம் ஊரில் உதவியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. தைக்கத் தெரிந்து, தெருவில் வேறு தையற்காரர் இல்லாமல், துணி கொண்டுவந்து தருபவர்களும் இருந்தால் அது நல்ல உதவி. இல்லையென்றால் ஆறு மாதத்தில் அடகுக் கடைக்குப் போய்விடும். இயந்திரம் வாங்கும் முன் முதல் பத்து வாடிக்கையாளர்களைத் தேடிக் கொடுங்கள்.

முதல் மாதச் சம்பளம் வரும்வரை இடையில் உள்ள நாற்பது நாள்தான் அபாயமான காலம். வார வட்டிக்காரரும் குழுக் கடன்காரரும் அப்போதுதான் வாசலில் நிற்பார்கள். நீங்கள் திரட்டிய பணத்தில் ஒரு பகுதியை இந்த நாற்பது நாளுக்கென்று தனியே வைத்து, அரிசியாகவும் வாடகையாகவும் நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். அதன்பிறகு அருகிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவில் அவரைச் சேர்ப்பது நல்லது. 1989இல் தர்மபுரியில் தொடங்கிய இந்த அமைப்பு இன்று பெரும்பாலான ஊர்களில் இருக்கிறது.

நீங்கள் விலகும் நாளையும் திட்டமிட வேண்டும். மூன்று மாத வாடகை அவர் கணக்கில் சேர்ந்திருப்பதும், குடும்ப அட்டை அவர் பெயரில் வந்திருப்பதும் நான் பார்க்கும் அடையாளங்கள். இன்னொன்று உண்டு. பிள்ளைக்கு உடம்பு முடியாத நாளில் அழைக்க வேண்டிய இரண்டு பேரின் எண்கள் கதவின் உட்புறம் ஒட்டியிருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்றுகூட உங்களுடையதாக இருக்கக் கூடாது.