பென்டிரைவ் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால்

பென்டிரைவையோ கேமரா கார்டையோ செருகியதும் ஃபார்மட் செய்யச் சொல்லி விண்டோஸ் கேட்கிறதா? கேன்சல் கொடுங்கள். படங்களும் ஃபைல்களும் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் சிதைந்திருக்கும். புதிதாக எதையும் அதில் எழுதாதவரை மீட்க வழி உண்டு. முதலில் ஃபைல்களை வெளியே எடுக்க வேண்டும், ரிப்பேர் அதற்குப் பிறகுதான். “அண்ணே, ஒரு ஃபார்மட் போட்டா சரியாயிரும்” என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். பென்டிரைவ் சரியாகும், கல்யாண போட்டோ போய்விடும்.

1. வேறு போர்ட், வேறு கார்டு ரீடர், முடிந்தால் வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். பல நேரம் பிரச்சினை ரீடரிலேயே இருக்கும். பிறகு ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். 32 ஜிபி கார்டு ஏறக்குறைய அதே அளவு காட்டி, பக்கத்தில் ‘ரா’ (RAW, அதாவது பட்டியலை விண்டோஸால் படிக்க முடியவில்லை) என்றிருந்தால் நம்பிக்கை உண்டு. ‘நோ மீடியா’ என்று வந்தால் சிப் கோளாறு, சாஃப்ட்வேர் உதவாது. ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள், ஓட ஓட சேதம் கூடும்.

2. ஜெராக்ஸ் கடையில் செருகி வந்த பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அது வைரஸ் வேலை, ஃபைல்கள் ஒளிந்திருக்கின்றன. ஷார்ட்கட்டைக் கிளிக் செய்யாதீர்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் செய்தால் அசல் ஃபோல்டர்கள் தெரியும். ஆன்ட்டிவைரஸ் ஓட்டிவிட்டு உங்கள் ஃபைல்களை மட்டும் காப்பி எடுங்கள்.

3. இனி முக்கியமான வேலை. முழு கார்டையும் ஒரே இமேஜ் ஃபைலாக, அதாவது அச்சு அசல் நகலாக, கம்ப்யூட்டருக்கு எடுங்கள். வின்32 டிஸ்க் இமேஜர் என்ற சாஃப்ட்வேரில் ‘ரீட்’ கொடுத்தால் போதும். ‘ரைட்’ பக்கம் கை போகக் கூடாது! பழுதான இடத்தில் அது நின்றுவிட்டால் லினக்ஸில் இதே வேலைக்கு டிடிரெஸ்க்யூ என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதான பகுதிகளைப் பிறகு வந்து முயலும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்து ஓட்டினால் இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனாலும் மாதாந்திர பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் இதைத் தொடங்காதீர்கள்.

4. அந்த இமேஜின்மீது ஃபோட்டோரெக் என்ற ஃபைல் மீட்பு சாஃப்ட்வேரை ஓட்டுங்கள். இலவசம்தான். மவுஸால் இயக்க வசதியான க்யூஃபோட்டோரெக் அதே பொட்டலத்தில் வரும். மீட்கும் ஃபைல்களை அந்தக் கார்டில் அல்ல, வேறு டிரைவில் சேமிக்கச் சொல்லுங்கள். இது பட்டியலைப் பார்க்காமல் ஃபைல்களின் தொடக்கத்தில் இருக்கும் அடையாளக் குறிகளைத் தேடுவதால் பழைய பெயர்கள் கிடைக்காது. போட்டோகிராபர்களுக்கு இது பெரிய தொல்லையில்லை. படத்துக்குள்ளேயே எடுத்த தேதி பதிவாகியிருக்கும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று தை முதல் மூன்று நாள் ஜல்லிக்கட்டுப் படமும் ஒரே குவியலாக வந்தாலும், ‘டேட் டேக்கன்’படி அடுக்கினால் வாடிவாசல் வாரியாகப் பிரிந்துவிடும். வீடியோ விஷயத்தில் அவ்வளவு உறுதி தர முடியாது. துண்டு துண்டாகப் பதிவானவை ஓடாமல் போகலாம்.

யாராவது ஏற்கெனவே குயிக் ஃபார்மட் போட்டிருந்தாலும் கார்டில் இதே முறையை முயலலாம். எஸ்எஸ்டி என்றால் கடினம். அதிலுள்ள ‘ட்ரிம்’ என்ற வசதி, ஃபைல் அழிக்கப்பட்ட இடங்களை உடனுக்குடன் காலி செய்துவிடும்.

5. மீட்ட படங்களைத் திறந்து பார்த்து, இன்னொரு டிரைவிலும் காப்பி வைத்த பிறகே, கெட்ட டிரைவில் ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போங்கள் (‘ரா’ என்றே காட்டினால் செக் ஓடாது, ஃபார்மட்தான் வழி). இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு: இந்த ‘செக் டிஸ்க்’ சோதனை பட்டியலைத்தான் ஒழுங்குபடுத்தும், அதற்காக உங்கள் ஃபைலை வெட்டவும் தயங்காது. கேமரா கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

நடைபாதையில் மலிவாக வாங்கிய ‘1 டிபி’ பென்டிரைவ் என்றால், காலி செய்த பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை சாஃப்ட்வேரை ஓட்டிவிடுங்கள். முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையான கொள்ளளவைச் சொல்லும். கொள்ளளவு பொய் என்றால் அதைத் தூக்கிப் போடுங்கள், எத்தனை ஃபார்மட் போட்டாலும் மறுபடி கெடும்.