வென்டிலேட்டரில் உள்ள நோயாளிக்குத் திரவம் பலன் தருமா? முன்கூட்டியே கணிக்கும் முறை

ரத்த அழுத்தம் இறங்கியதும் சலைன் பாட்டிலை மாட்டுவது தீவிர சிகிச்சைப் பிரிவில் வேரூன்றிவிட்ட பழக்கம். ஆனால் அவ்வாறு திரவம் பெறும் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே இதயம் வெளியேற்றும் ரத்தம் கூடுகிறது. மற்றவர்களுக்கு அது நுரையீரலிலும் திசுக்களிலும் நீராகத் தேங்குகிறது. சுமார் 500 மி.லி. திரவத்துக்குப் பின் ஸ்ட்ரோக் வால்யூம், அதாவது ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்த அளவு, 10 முதல் 15 சதவீதமாவது உயர்ந்தால் அந்த நோயாளிக்குத் திரவம் பலன் தருகிறது எனக் கொள்கிறோம். இதைக் கணிக்க சி.வி.பி. எண், அதாவது இதயத்துக்கு அருகே பெரிய சிரையில் அளக்கும் அழுத்தம், உதவாது என்பது பல ஆய்வுகளில் உறுதியான பின்னும், அதைப் பார்த்தே முடிவெடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

முதல் படி: தேவை இருக்கிறதா?

திரவத்தால் ஸ்ட்ரோக் வால்யூம் உயர்வது நோயின் அடையாளம் அன்று. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கும் அது உயரும். எனவே லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் பொருள்) உயர்வு, சிறுநீர் குறைவு, நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆவது போன்ற ரத்த ஓட்டக் குறைவின் அறிகுறிகள் இருந்தால் மட்டுமே மேலே செல்லுங்கள். மாறாக, கண்ணெதிரே ரத்தம் பெருக்கெடுக்கும்போது சோதனை செய்துகொண்டிருக்கத் தேவையில்லை.

இரண்டாம் படி: பல்ஸ் பிரஷர் வேறுபாடு

வென்டிலேட்டர் காற்றைச் செலுத்தும்போது மார்புக்குள் அழுத்தம் கூடி, வலது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. சில துடிப்புகள் கழித்து அந்தக் குறைவு இடது இதயத்தின் வெளியேற்றத்திலும் தெரிகிறது. இதயம் இன்னும் நிரம்ப இடம் இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். பல்ஸ் பிரஷர் என்பது ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம். ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் வைத்த அழுத்தம் அளக்கும் குழாய்) காட்டும் அலையில், ஒரு மூச்சுச் சுழற்சிக்குள் மிக உயர்ந்த பல்ஸ் பிரஷர் 52, மிகக் குறைந்தது 44 என்றால், வித்தியாசமான 8-ஐச் சராசரியான 48-ஆல் வகுக்க, ஏறத்தாழ 17 சதவீதம் கிடைக்கிறது. 13-க்கு மேல் இருந்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 9-க்குக் கீழே குறைவு. இடைப்பட்டதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

நோயாளி தானாக மூச்சு இழுத்தாலோ, இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருந்தாலோ, மார்பு திறந்திருந்தாலோ இந்த எண்ணுக்குப் பொருளில்லை. டைடல் வால்யூம், அதாவது ஒரு மூச்சில் வென்டிலேட்டர் செலுத்தும் காற்றின் அளவு, எடைக் கணக்கில் கிலோவுக்கு 8 மி.லி.க்குக் குறைவாக இருக்கும்போது, குறைந்த எண் தவறான உறுதியைத் தந்துவிடும். 6 மி.லி.யில் உள்ளவருக்கு ஒரு நிமிடம் மட்டும் 8 ஆக உயர்த்திப் பாருங்கள்: வேறுபாடு 3.5 புள்ளிக்கு மேல் கூடினால் பலன் எதிர்பார்க்கலாம். பின் மறவாமல் 6-க்குத் திரும்புங்கள்.

மூன்றாம் படி: கால்களை உயர்த்தும் சோதனை

புதியவர்கள் முதலில் கைவரப்பெற வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. துடிப்பு ஒழுங்கற்றவர்களிடமும் தானாக மூச்சிழுப்பவர்களிடமும் இது செல்லுபடியாகும். ஒரு சொட்டுத் திரவமும் செலுத்தாமலே, சுமார் 300 மி.லி. ரத்தம் இதயத்தை நோக்கி வருகிறது. சிலர் படுத்திருப்பவரின் கால்களைக் கையால் தூக்குகிறார்கள், அது சோதனையாகாது. தலைப்பக்கம் 45 டிகிரி உயர்ந்த நிலையில் தொடங்கி, கட்டிலின் பொத்தானை அழுத்தியே உடலைச் சமதளமாக்கிக் கால்களை 45 டிகிரி உயர்த்த வேண்டும். அப்போதுதான் வயிற்றுப் பகுதியின் ரத்தமும் சேர்ந்து வரும். தொடங்குமுன் சளியை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், ஏனெனில் இருமலோ வலியோ துடிப்பைக் கூட்டிக் கணிப்பைக் குழப்பும். கட்டில் சாயும்போது டிரான்ஸ்டியூசர் (ரத்த அழுத்தத்தை உணரும் கருவி) இதய மட்டத்திலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. எக்கோவில் இடது இதயத்தின் வெளியேறு பாதையில் வி.டி.ஐ. அளவை (ஒரு துடிப்பில் ரத்தம் அங்கே நகரும் தூரம்; ஸ்ட்ரோக் வால்யூம் கூடினால் இதுவும் கூடும்) முன்பும், கால்களை உயர்த்திய ஒரு நிமிடத்துக்குள்ளும் எடுங்கள். 18 செ.மீ. இருந்தது 20.5 ஆனால், உயர்வு ஏறத்தாழ 14 சதவீதம். 10-க்கு மேல் என்பதால் விடை ஆம். பழைய நிலைக்குத் திருப்பியதும் அளவு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் மாற்றத்துக்குக் காரணம் வேறு. வயிற்றறை அழுத்தம் மிகுந்தவர்களிடம் 'இல்லை' என்ற விடையை நம்பாதீர்கள்.

நான்காம் படி: கொடுத்தபின் அளத்தல்

விடை ஆம் என்றாலும், ஆக்சிஜன் குறைந்து நுரையீரலில் நீர் தேங்கியுள்ளவருக்குத் தயங்க வேண்டும். மற்றவர்களுக்கு 250 மி.லி. கொடுத்து வி.டி.ஐ.யை மீண்டும் எடுங்கள். உயரவில்லை என்றால் அடுத்த பாட்டிலுக்குப் போகாமல், ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலினா, இதயச் சுருக்கத்தை வலுப்படுத்தும் மருந்தா என்று யோசியுங்கள்.