நெஞ்சு வலிக்கும்போது தைராய்டை ஓரமாக வையுங்கள்

எனக்குத் தைராய்டு குறைவு, பல வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிற ஆள். இந்த வியாதி வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். முடி கொட்டினால் தைராய்டு, எடை ஏறினால் தைராய்டு, காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்றால் அதுவும் தைராய்டு. பாதி நேரம் அது சரியாகவும் இருந்துவிடும், அதுதான் சிக்கல். அதே பழக்கத்தில் நெஞ்சு வலியையும் அதன் தலையில் கட்டிவிட்டு, அடுத்த வாரம் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறோம். என் அத்தை ஒரு ராத்திரி முழுக்கச் சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடிந்து ஈசிஜி எடுத்தால் மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் மாடிப்படி ஏறுவது அதோடு போயிற்று.

ஆகவே வலி வந்த அந்த நேரத்தில் தைராய்டு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுங்கள். வலியை மட்டும் பாருங்கள். நடு நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி பாரம், இறுக்கம், எரிச்சல். அது தோள், கை, தாடை, முதுகு, மேல்வயிறு என்று பரவுவது. கூடவே குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குதல், குமட்டல், கண் இருட்டுதல். இவற்றில் ஒன்று சேர்ந்தாலும், எதுவும் சேராமல் அந்தப் பாரம் மட்டும் சில நிமிடங்களுக்கு மேல் விடாமல் நின்றாலும், 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வலி பெரிதாகத் தெரியாமல், திடீர் மூச்சிரைப்பும் இதுவரை இல்லாத அசதியுமாகவே மாரடைப்பு வரலாம். தைராய்டுக்காரர்களில் பெண்கள்தான் அதிகம் என்பதால் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

மறந்துவிடுங்கள் என்று சொன்னது வலியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. உண்மையில் தைராய்டு இருப்பது இன்னும் சீக்கிரம் கிளம்புவதற்கான காரணம். குறைவாகச் சுரந்தால் கெட்ட கொழுப்பு ஏறும், வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் ரத்தக் குழாயில் அடைப்பு சேரும். சிலருக்கு இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்துக்கொள்ளும், படுத்தால் மூச்சு முட்டும். அதிகமாகச் சுரந்தாலோ இதயம் ஓய்வே இல்லாமல் ஓடும், துடிப்பு தாளம் தப்பும், அப்படித் தப்பிய இதயத்துக்குள் ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் படபடப்போடு வாய் கோணுவதோ ஒரு பக்கக் கை விழுவதோ பேச்சு குழறுவதோ இருந்தால் நெஞ்சு வலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்க வேண்டாம், கிளம்புங்கள்.

நாடி பார்க்கத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நெஞ்சு வலியோடு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 120-க்கு மேல் நின்றாலோ, தாறுமாறாகத் துடித்தாலோ, தலைசுற்றலோடு 50-க்குக் கீழே இறங்கினாலோ ஆஸ்பத்திரிதான். நாடி ஒழுங்காக இருக்கிறது என்பதற்காக மட்டும் வீட்டில் தங்கிவிடாதீர்கள், மாரடைப்பிலும் நாடி ஒழுங்காக இருக்கலாம்.

தைராய்டு அதிகமாக உள்ளவர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையைத் திடீரென நிறுத்தியவர்களுக்கும், நடுவில் தொற்று, ஆபரேஷன், பிரசவம் என்று ஏதாவது வந்தவர்களுக்கும் ஹார்மோன் புயல் மாதிரி கிளம்பும். கொளுத்தும் காய்ச்சல், 140-ஐத் தாண்டும் நாடி, வாந்தி பேதி, ஆள் பிதற்றுவது. அபூர்வம்தான், ஆனால் உயிரை எடுக்கும், ஐசியூ வேண்டும். இதற்கு நேரெதிராக, நெடுநாள் மாத்திரை நிறுத்திய தைராய்டு குறைவுக்காரர் உடல் சில்லிட்டு, தூங்கி வழிந்து, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் இருந்தால் அதுவும் அவசரமே.

வண்டி வரும்வரை என்ன செய்வது? உட்காருங்கள், நடக்காதீர்கள், நீங்களே வண்டி ஓட்டாதீர்கள், பைக்கின் பின்னால் ஏறாதீர்கள். பக்கத்து வீட்டு மாமா நல்ல மனதோடு தன்னுடைய இதய மாத்திரையான சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வார், வேண்டாம், பிரஷர் சரிந்துவிடலாம். ஆஸ்பிரினை 108-ல் பேசுபவரிடமோ டாக்டரிடமோ கேட்காமல் போடாதீர்கள், மேலே சொன்ன காய்ச்சல் புயலில் அது நிலைமையை மோசமாக்கக்கூடியது. ஆறு மணிக்குத் திறக்கும் கிளினிக்குக்குக் காத்திருக்க வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையம் போனாலும் பலன் உண்டு. 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் அங்கேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள்.

எல்லா நெஞ்சு வலிக்கும் இப்படி ஓட வேண்டியதில்லை, அதையும் சொல்ல வேண்டும். விரல் நுனியால் தொட்டுக் காட்ட முடிகிற ஓரிடத்தில் வலி, அழுத்தினால் கூடுகிறது, புரண்டு படுத்தால் மாறுகிறது, ஊசி குத்தின மாதிரி ஒரு விநாடி வந்து போகிறது, வேறு தொந்தரவு எதுவும் இல்லை என்றால் மறுநாள் டாக்டரைப் பார்க்கலாம். தைராய்டு குறைவுக்குப் போடும் எல்ட்ராக்சினோ தைரோநார்மோ டோஸ் கூட்டிய சில வாரங்களில் லேசான படபடப்பும் கை நடுக்கமும் வந்தால் ஓரிரு நாளில் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் டோஸ் கூட்டிய பிறகு நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் விடுகிறது என்றால் அன்றைக்கே போங்கள். நிற்கும்போதும் விடவில்லை என்றால் 108. எடை குறையட்டும் என்று இரண்டு மாத்திரையாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், டாக்டரிடம் அதை மறைக்காதீர்கள். இந்தப் பகுதியைப் படித்தும் எதில் சேர்ப்பது என்று சந்தேகம் வந்தால் கிளம்புகிற பக்கமே சேருங்கள்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் தைராய்டை மறுபடி ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மைக்ரோகிராம், கடைசியாக எப்போது டோஸ் மாறியது, இதைச் சொல்ல வேண்டும், முடிந்தால் அட்டையையே எடுத்துப் போங்கள். அப்புறம் பெரும்பாலோர் சொல்ல மறப்பது முடி கொட்டுவதற்குப் போடும் பயோட்டின் என்ற வைட்டமின். அதை மாத்திரை என்றே நாம் கணக்கில் வைப்பதில்லை. அதிக அளவில் எடுத்தால், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனை சில வகைக் கருவிகளில் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அமெரிக்காவின் எஃப்டிஏ 2017-லேயே இதை எச்சரித்தது. தைராய்டு பரிசோதனையையும் இதே பயோட்டின் புரட்டிப்போடும், இல்லாத ஹார்மோனை இருப்பதாகக் காட்டும்.

முதல் ஈசிஜி நார்மல் என்று சொன்னதும் எழுந்து வந்துவிடாதீர்கள். வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும், டிரோபோனினையும் சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள். ஆஞ்சியோகிராம் சாயத்தில் அயோடின் இருக்கிறது, அதனால் தைராய்டு இருப்பதைச் சொல்லுங்கள், ஆனால் அதைக் காரணம் காட்டி அவசர ஆஞ்சியோகிராமை மறுக்காதீர்கள். உடம்பு இவ்வளவு ஆடிப்போயிருக்கும்போது எடுக்கும் டிஎஸ்எச் தப்பாகக் காட்டக்கூடும், ஆகவே அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து நீங்களாக டோஸை மாற்றாமல், எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் தேதி கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.