‘கலரே சரியில்லையே தம்பி’ என்றால் என்ன செய்வது?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு பிரிண்டிங் கடையில் உட்கார்ந்து கோயில் நோட்டீஸ், பூப்புனித நீராட்டு விழா பெனர், டியூஷன் போஸ்டர், கண்ணீர் அஞ்சலி என்று மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருப்பவன் நான். செய்ததை வட்ஸ்அப் குரூப்பில் போட்டால் பத்தாவது நிமிடம் ஊரே டிசைனராகிவிடும். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமார் அதை எப்படித் தாண்டுவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாயில் வருவது ஒன்று, மனதில் கிடப்பது வேறொன்று. ஒரு தேயிலைத் தோட்டத்துத் தேர்த் திருவிழா நோட்டீஸ். கலர் சரியில்லை என்றார்கள், சிவப்பை மஞ்சளாக்கினேன். இன்னும் என்னமோ மாதிரி இருக்கு என்றார்கள், அம்மன் படத்தை மாற்றினேன். மூன்றாவது தடவையும் “என்னா தம்பி, எடுப்பா இல்லையே” என்றதும் எனக்குக் கோபம் வந்து, இவர்களுக்கு என்ன தெரியும் என்று அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த நாள் கடைக்கு வந்த பெரியவர் ஒருவர்தான், பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே விஷயத்தை உடைத்தார். தோட்டத்தில் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. உபயகாரர் பட்டியலில் மேற்கணக்குக்காரர்களின் பெயர் மேலே கொட்டை எழுத்தில் இருக்கிறதாம், கீழ்க்கணக்குக்காரர்களை அடியில் பொடி எழுத்தில் நெருக்கிப் போட்டிருக்கிறேனாம். நான் இடம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்கினேன், அவர்கள் கண்ணுக்கு அது மரியாதைக் குறைச்சல். இரண்டு பட்டியலையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதற்கப்புறம் கலரைப் பற்றி ஒரு சத்தமும் இல்லை.

அதனால் யாராவது குறை சொன்னால் உடனே மவுஸில் கை வைக்காதீர்கள். “முதல்ல உங்க கண்ணு எங்க போச்சு அண்ணே?” என்று கேளுங்கள். தலைவரிடம் கேட்டால் தலைவர் என்று கூப்பிட்டே கேளுங்கள், அதற்கும் அர்த்தம் இருக்கிறது. கேட்டால் பாதிப் பேர் தன் பெயரை, தன் வீட்டு ஆளின் படத்தைத்தான் காட்டுவார்கள்.

அடுத்தது, எந்தக் குறைக்கு வளைவது, எதற்கு நிற்பது. இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது லண்டன் 2012 ஒலிம்பிக் இலச்சினையைத்தான். 2007 இல் அதை வெளியிட்டபோது கேலி தாங்க முடியவில்லை, மாற்றச் சொல்லி கிட்டத்தட்ட 50,000 பேர் இணையத்தில் கையெழுத்து வைத்தார்கள். மாற்றவில்லை, அதை வைத்தே விளையாட்டை நடத்தி முடித்தார்கள். ஆனால் அதற்காகச் செய்த அசையும் படத்தில் ஒரு துண்டு வலிப்பு நோய் உள்ளவர்களைப் பாதிக்கிறது என்றதும் அதை உடனே எடுத்துவிட்டார்கள். ஒருவருக்கு நோவு வரும் என்றால் பேச்சே இல்லை. நம் வேலையில் அது பெரும்பாலும் பெயர்ப் பிழை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது ஒரு கொம்பு விழுந்துபோகும், கண்ணீர் அஞ்சலியில் இறந்தவரின் பெயரே மாறிவிடும். அங்கே நின்று நீங்கள் அனுப்பியதைத்தான் போட்டேன் என்று வாதாடாதீர்கள், மன்னிப்புக் கேட்டுத் திருத்தி, காசு வாங்காமல் திரும்ப அடித்துக் கொடுங்கள். தேயிலைப் பெக்கெட்டில் அந்தச் சிங்கத்தையும் போட்டுவிடு என்று யாராவது கேட்டாலும் இதே கண்டிப்புத்தான். அது இலங்கைத் தேயிலைச் சபையின் இலச்சினை, அனுமதி இல்லாமல் கை வைக்கக்கூடாது.

வாசிக்க முடியவில்லை என்று வரும் புகாரும் ரசனைப் பிரச்சினை இல்லை. என் ஸ்கிரீனில் வெள்ளைப் பின்னணியில் இளமஞ்சள் எழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. சந்தியில் கட்டிய அன்று காலை மிஸ்ட் இறங்கியது, பெனர் மட்டும் தொங்குகிறது, எழுத்தைக் காணோம். மலைநாட்டில் வேலை செய்தால் பனிமூட்டத்தில் வைத்தும் பார்க்க வேண்டும். போனில் படத்தைச் சின்னதாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, கையை நீட்டி வைத்துப் பாருங்கள். தலைப்பு தெரிகிறதா, சரி.

பழையதை மாற்றுகிற வேலை வந்தால் இன்னும் கவனம். 2010 இல் கேப் (Gap) என்ற அமெரிக்க உடுப்புக் கம்பனி பல வருடம் பழகிய நீலச் சதுர லோகோவைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டது, வந்த திட்டில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழையதற்கே திரும்பிவிட்டது. எனக்கும் நடந்தது. ஒரு கிரிக்கெட் கழகத்துக்கு யாரோ ஓர் அண்ணன் எப்போதோ கையால் வரைந்த மட்டையும் இரண்டிலையும் இருந்தது. நான் எல்லாவற்றையும் வழித்துவிட்டு மூன்று கோடு போட்டேன். “பேங்க் லோகோ மாதிரி இருக்கு” என்றார்கள் பையன்கள். உண்மைதான். அந்த இரண்டிலையைத் திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் ஜேர்சியில் ஏற்றினார்கள்.

ஆனால் மலையகம் என்றாலே கூடை சுமந்த பெண்ணின் படம்தான் வேண்டும் என்று கேட்கும்போது நான் நிற்பேன். 2023 இல் மலையகம் 200, அதாவது நம் ஆட்கள் இங்கே வந்து இருநூறு வருடம் என்ற நினைவு வந்த நேரம் எங்கே பார்த்தாலும் அந்தக் கூடைதான். கொழுந்து எடுத்து வளர்த்த அம்மாவின் பிள்ளை நான், கூடைமேல் எனக்குக் கோபம் இல்லை. ஏ/எல் (உயர்தர) கணித வகுப்புப் போஸ்டரில் அது எதற்கு என்றுதான் கேட்கிறேன். இன்னொரு மாதிரியும் செய்து, இரண்டையும் காட்டி, பிள்ளைகளிடம் கேட்கச் சொல்வேன். சில நேரம் தோற்பேன்.

இனி, நம்மை யாரென்று நினைக்கிறார்கள் என்பது. “கொம்பியூட்டர்ல படம் ஒட்டுற பையன்”, “என் மகள் கென்வா ஆப்ல அஞ்சு நிமிஷத்துல செய்வா”. இதற்குப் பேஸ்புக்கில் நீளமாகப் பதில் எழுதி நான் ஜெயித்ததே இல்லை. பில்லில் எழுதுங்கள். இங்கே ஃபிளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கில் காசு வாங்கி டிசைனை இனாமாகக் கொடுப்பதுதான் வழக்கம், அதனால் டிசைன் என்று ஒன்று நடந்ததே ஆட்களுக்குத் தெரிவதில்லை. பிரிண்ட் ஒரு வரி, வடிவமைப்பு ஒரு வரி. தெரிந்தவருக்குக் கழித்துக் கொடுப்பதானாலும் தொகையை எழுதிவிட்டே கழியுங்கள். திருத்தம் இரண்டு தடவை, மூன்றாவதுக்குத் தனிக்காசு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குரூப்பில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னால், கமிட்டியில் ஒருவரை வைத்து எல்லாவற்றையும் ஒரே வொய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஆள் அனுப்புவதற்குள் பத்தில் ஆறு அவர்களுக்குள்ளேயே அடிபட்டுப் போய்விடும்.