உங்க ஊர் மெதடிஸ்ட் சர்ச்சோட கதையை தோண்டி எடுக்கிறது எப்படி

ஊர் பெரியவங்க "வெஸ்லி சர்ச்"னு சொல்லுவாங்க, வாசல் போர்டுல பாத்தா சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்திய திருச்சபைனு இருக்கும். மன்னார்குடி, நாகப்பட்டினம், திருவள்ளூர் பக்கம் இக்காடு, எல்லாம் இந்த மாதிரிதான். மெதடிஸ்ட்னா இங்கிலாந்து போதகர் ஜான் வெஸ்லி ஆரம்பிச்ச இயக்கத்துல இருந்து வந்த புராட்டஸ்டன்ட் சபை, வெஸ்லியன்ங்கிறது அவர் பேரால வந்தது. அதனால முதல் வேலை, உங்க சர்ச் எந்த மெதடிஸ்ட்னு கண்டுபிடிக்கிறது. இங்கிலாந்து வெஸ்லியன் மிஷன் வழியா வந்த சபைங்க 1947 செப்டம்பர் 27ல ஆங்கிலிக்கன் சபையோடயும் தென்னிந்திய ஐக்கிய சபையோடயும் சேந்து சிஎஸ்ஐ ஆயிட்டாங்க. அமெரிக்க மெதடிஸ்ட்காரங்க சேரல, தனியாவே இருந்து 1981ல மெதடிஸ்ட் சர்ச் இன் இந்தியான்னு ஆனாங்க. இதை விசாரிக்காம ஆரம்பிச்சா லண்டன்ல இருக்கிற பேப்பரை அமெரிக்காவுல தேடிட்டு இருப்பீங்க.

அஸ்திவாரக் கல்லு, சுவத்துல பதிச்ச பலகை, கல்லறைத் தோட்டம் இந்த மூணையும் முதல்ல பாருங்க, போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. வெயில் சாயுற நேரத்துல போனா தேஞ்ச எழுத்தும் நல்லா தெரியும்.

பின்னணியும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். வெஸ்லியோட கூட வேலை செஞ்ச தாமஸ் கோக்குனு ஒருத்தர், 66 வயசுல, ஆசியாவுக்கு மிஷன் கொண்டு போயே தீருவேன்னு கப்பல் ஏறி 1814 மே மாசம் நடுக்கடல்லயே இறந்துட்டார். கூட வந்த இளைஞர்கள் இலங்கையில இறங்கி வேலைய ஆரம்பிச்சாங்க, அதுல யாழ்ப்பாணத்துக்குப் போன ஜேம்ஸ் லிஞ்ச் 1817ல மெட்ராஸ் வந்தார். அதாவது நம்ம பக்கத்து வெஸ்லியன் சபை இலங்கை வழியா வந்தது, இது நிறைய பேருக்கு தெரியாது.

அடுத்தது ரிஜிஸ்டர். ஆயர்கிட்ட நேர்ல போய் கேளுங்க, டிசம்பர்லயும் லெந்து நாள்லயும் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) போகாதீங்க, அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணுக்கும் தனித்தனி புக் இருக்கும். பேரை மட்டும் எழுதிட்டு வந்துடாதீங்க, எந்த கிராமம், அப்பா என்ன தொழில், யார் ஞானஸ்நானம் கொடுத்தாங்கன்னு இருக்கிறதையெல்லாம் குறிச்சுக்கோங்க, ஒரே மாசத்துல ஒரே தெருவுல இருந்து நிறைய குடும்பம் சேந்திருந்தா அங்க ஒரு கதை இருக்குனு அர்த்தம். லோக்கல்ல கிடைக்கலன்னா வெஸ்லியன் மிஷனரிங்களோட கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தோட சோவாஸ் (SOAS) கல்லூரி லைப்ரரில இருக்கு, பெங்களூர் யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ் ஆவணக் காப்பகத்துலயும் கேட்டுப் பாருங்க.

ஆனா மிஷனரிங்க எழுதின அந்தக் கடிதம், ரிப்போர்ட்டையெல்லாம் அப்படியே நம்பிடாதீங்க. அது இங்கிலாந்துல காசு கொடுத்தவங்களுக்காக எழுதினது. இக்காட்டுல ஸ்காட்லாந்தோட ஷெட்லாண்ட் தீவுல இருந்து வந்த மிஷனரி வில்லியம் கவுடி பேரு எல்லாருக்கும் தெரியும், நல்ல மனுஷன்தான், ஒடுக்கப்பட்ட ஜனங்களோட நிலப் பிரச்சனைய பத்தி எல்லாம் பேசினவர், ஆனா குடும்பம் குடும்பமா உக்காந்து பேசி முடிவெடுத்து சபைக்கு வந்த சேரி ஜனங்களும், மழையில நடந்து போய் பாடம் சொன்ன உபதேசியாரும் அதுல பேரில்லாம போயிடுவாங்க. அந்தப் பேரை கண்டுபிடிக்கிறதுதான் உங்க வேலைன்னு நான் சொல்லுவேன், கட்டடத்தோட நீள அகலம் யாருக்கு வேணும்.

நம்பிக்கை பகுதிக்கு கொள்கை புத்தகத்தை காப்பி அடிக்காதீங்க, சபையில என்ன செய்றாங்கன்னு பாருங்க. கடவுளோட கிருபை எல்லாருக்கும் உண்டு, நாம தேடுறதுக்கு முன்னாடியே அது நம்மள தேடி வருது, மனசு மாறினவன் நடத்தையும் மாறணும், இதுதான் ஜான் வெஸ்லி சொன்னதோட சாரம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பாங்க. ஞானஸ்நானம், திருவிருந்து ரெண்டுதான் சாக்கிரமெந்து, அதாவது புனிதச் சடங்கு. கிளாஸ் மீட்டிங்னு சின்னச் சின்ன குழுவா கூடுறது ஒண்ணு இருந்துச்சு, அதை கட்டாயம் விசாரிங்க. 1742ல பிரிஸ்டல் சபைக்கு கட்டட கடன், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்க பன்னெண்டு பேருக்கு ஒரு தலைவர்னு போட்டாங்க, அவங்க வீடு வீடா போனப்பதான் வீட்டுக்குள்ள நடக்குற குடி, சண்டை, கஷ்டம் எல்லாம் தெரிய வந்துச்சு, வசூல் ஏற்பாடே ஆத்துமா விசாரிப்பா மாறிடுச்சு. உங்க ஊர்ல பழைய கிளாஸ் டிக்கெட் (உறுப்பினர் சீட்டு), கிளாஸ் புக் (குழுவோட பேரேடு) யாராவது ட்ரங்க் பெட்டியில வெச்சிருக்காங்களான்னு கேளுங்க.

புது வருஷத்துல உடன்படிக்கை ஆராதனை, அதாவது கடவுளுக்கு நம்மள ஒப்புக்கொடுக்கிறதை புதுப்பிக்கிற ஆராதனை, நடந்தா உக்காந்து கவனிங்க. வெஸ்லி 1755ல ஆரம்பிச்ச வழக்கம் அது, சிஎஸ்ஐ வழிபாட்டு புத்தகத்துலயும் இடம் பிடிச்சிருச்சு.

பாட்டிங்ககிட்ட பேசும்போது "வரலாறு சொல்லுங்க"ன்னா ஒண்ணும் வராது, "உங்க கல்யாணத்துக்கு எந்த ஐயா வந்தாரு, என்ன பாட்டு பாடினாங்க"ன்னு கேளுங்க. எழுதும்போது ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்துல எங்க பாத்தீங்கன்னு குறிச்சு வைங்க, ஒரு பிரிண்ட் சபை அலமாரிக்கு, ஒண்ணு மிஷன் ஸ்கூல் லைப்ரரிக்கு கொடுத்துடுங்க.